புள்ளியோடு கட்டுவதா, வெற்றிக்கே கட்டுவதா? கல்லூரி ஃபுட்பாலில் அண்டர்டாக் பந்தயம்

2018 செப்டம்பர் 22 அன்று அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் ஊர்க் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) ஆர்மி என்ற ராணுவக் கல்லூரி அணி, ஒக்லஹோமா பல்கலைக்கழக அணியை அதன் சொந்த மைதானத்தில் சந்தித்தது. ஒக்லஹோமாவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) கைலர் மரே, அந்த வருடக் கடைசியில் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர். பந்தயக் கணக்குப்படி ஒக்லஹோமா ஏறத்தாழ 30 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டிய ஆட்டம் அது. ஆர்மி பெரிய வித்தை எதுவும் காட்டவில்லை, பந்தை விட்டுக்கொடுக்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்கள். மூன்று கஜம், நான்கு கஜம், மறுபடி மூன்று கஜம். 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடம் 41 விநாடி பந்து அவர்களிடமே இருந்தது. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் மைதானத்துக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. நேரம் முடிந்தபோது 21-21. ஓவர்டைமில் ஒக்லஹோமா 28-21 என்று தப்பித்தது.

அன்று ஆர்மி பக்கம் பணம் கட்டிய இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இரண்டு பேருமே ஆட்டத்தைச் சரியாகக் கணித்தவர்கள்: ஆர்மி நேரத்தைக் கொன்றுவிடும், ஒக்லஹோமாவுக்குப் பந்தே கிடைக்காது, கடைசி வரை இழுபறிதான். ஒருவர் 30 புள்ளி சலுகையோடு கட்டினார், அதாவது ஆர்மி 30-க்குக் குறைவான வித்தியாசத்தில் தோற்றாலும் அவருக்குக் காசு. கடைசிக் கால் பகுதியில் அவருக்குப் படபடப்பே இருந்திருக்காது. இன்னொருவர் "ஆர்மி ஜெயிக்கும்" என்று கட்டினார். அவர் கட்டியது மொத்தமும் போயிற்று.

அண்டர்டாக் (தோற்கும் என்று கணிக்கப்பட்ட அணி) பந்தயத்தில் எந்த அணி என்பதில் எல்லோரும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எந்தச் சீட்டை, அதாவது எந்த வகைப் பந்தயத்தை, வாங்குவது என்பதற்கு அதில் பாதி யோசனைகூடக் கிடைப்பதில்லை. அணி முடிவாகிவிட்டது, இனி எதை வாங்குவது என்ற இடத்திலிருந்துதான் இந்தக் கட்டுரை தொடங்குகிறது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது அமெரிக்காவில், பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்பட்ட மாநிலங்களில் இருப்பவர்களுக்கான பேச்சு. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூட்டாட்சித் தடையை நீக்கிய பிறகு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் அந்தந்த மாநிலக் கல்லூரி அணிகளின் ஆட்டத்தில் பணம் கட்ட முடியாது. நியூ ஜெர்சியில் உட்கார்ந்துகொண்டு ரட்கர்ஸ் மீது பாசத்தோடு கட்டலாம் என்றால் நடக்காது. இந்தியாவில் 2025-இல் வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிட்டது. ஊரில் இருப்பவர்கள் இதைக் கணக்காக மட்டும் படிக்கலாம்.

கல்லூரி ஃபுட்பாலில் சலுகைப் புள்ளிகள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்பது புதிதாகப் பார்க்கிறவர்களுக்குப் புதிர்தான். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் 14 புள்ளி என்றாலே அபூர்வம். அங்கே சம்பள உச்சவரம்பு இருக்கிறது, போன சீசனில் கடைசியில் வந்த அணிக்குப் புது வீரர்களைத் தேர்ந்தெடுப்பதில் முதல் வாய்ப்பு உண்டு. கல்லூரியில் அந்த அளவுக்குச் சமன்பாடு கிடையாது. மேல் பிரிவில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள். அலபாமாவுக்கு நாடு முழுவதிலிருந்தும் பொறுக்கி எடுத்த பையன்கள், பக்கத்து மாநிலச் சின்னக் கல்லூரிக்கு மிச்சம் இருப்பவர்கள். போதாக்குறைக்கு, பெரிய கல்லூரிகள் காசு கொடுத்தே சின்ன அணிகளை வரவழைத்து ஆடுகின்றன. 2024 செப்டம்பரில் நார்தர்ன் இல்லினாய் அணிக்கு நோட்டர் டேம் கொடுத்தது 14 லட்சம் டாலர். சின்ன அணி வந்து, உதை வாங்கி, காசோலையை வாங்கிக்கொண்டு போகும் என்பதுதான் ஏற்பாடு. அந்த முறை நார்தர்ன் இல்லினாய் 16-14 என்று ஜெயித்துவிட்டு, காசோலையையும் வாங்கிக்கொண்டு போனது. 31 விநாடி மிச்சமிருந்தபோது ஒரு ஃபீல்டு கோல் (பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து வாங்கும் 3 புள்ளி), அப்புறம் நோட்டர் டேம் கடைசி முயற்சியாக அடித்த 62 கஜ ஃபீல்டு கோலை நடுவிலேயே தடுத்தார்கள். சலுகை அன்று 28 புள்ளி அளவில் இருந்தது.

சரி, சீட்டுகளுக்கு வருவோம். இரண்டு பெரியவை, நான்கைந்து சின்னவை.

ஸ்ப்ரெட்

உங்கள் அணிக்கு +14 என்று போட்டிருந்தால், ஆட்ட முடிவில் அவர்கள் ஸ்கோரோடு 14-ஐச் சேர்த்துப் பார்ப்பார்கள். 13 வரை தோற்றாலும் உங்களுக்குக் காசு, சரியாக 14-இல் தோற்றால் கட்டியது திரும்ப வரும், அதற்கு மேல் தோற்றால் போச்சு. வழக்கமான விலை -110, அதாவது 110 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம். அந்தக் கூடுதல் 10 டாலர்தான் புக்கியின் கமிஷன். நூற்றுக்கு 52.4 தடவை சரியாகச் சொன்னால்தான் கையைக் கடிக்காது. கண்ணை மூடிக்கொண்டு கட்டுபவருக்கு நீண்ட காலத்தில் 100 டாலருக்கு நாலரை டாலர் நஷ்டம். இந்த நாலரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாச் சீட்டையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

ஸ்ப்ரெட்டின் பெரிய வசதி, ஆட்டம் கைவிட்டுப் போன பிறகும் உங்கள் சீட்டு உயிரோடு இருப்பது. 38-10 என்று முன்னணியில் இருக்கும் பெரிய அணி கடைசிக் கால் பகுதியில் தன் முதல் வரிசை ஆட்களை உட்கார வைத்துவிடும். அடுத்த வாரம் முக்கியமான ஆட்டம் இருக்கும், யாருக்கும் முழங்கால் போய்விடக் கூடாது. அந்த நேரத்தில் சின்ன அணி ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோனால் 6 புள்ளி, அதன் பின் உதையில் இன்னொன்று) போட்டு 38-17 என்று முடிக்கும். அரங்கத்தில் பாதிப் பேர் கிளம்பிப் போயிருப்பார்கள். +24 வைத்திருப்பவருக்கு மட்டும் அதுதான் ஆட்டத்தின் உச்சக் கட்டம். "பின்வாசல் வழியாக வந்த காசு" என்று பந்தயக்காரர்கள் சொல்வது இதைத்தான். இதற்கு நேர் எதிரான பயிற்சியாளர்களும் உண்டு. தரவரிசைக் குழுவை அசத்த வேண்டும் என்று 45-க்கு மேலும் அடித்துக்கொண்டே போவார்கள். பெரிய அணியின் பயிற்சியாளர் எந்த ரகம் என்று தெரியாமல் 28 புள்ளிக்கு மேல் உள்ள அண்டர்டாக் பக்கம் போக வேண்டாம்.

மணிலைன்

இது நேரான பந்தயம். ஜெயித்தால் காசு, ஒரே ஒரு புள்ளியில் தோற்றாலும் காலி. அதற்கு ஈடாக விலை கூடும். +3 அணிக்கு மணிலைன் சுமார் +135, அதாவது 100 கட்டினால் 135 லாபம். +7 என்றால் +220, +230 பக்கம். +14 என்றால் நானூறைத் தாண்டும். +21 என்றால் ஆயிரத்தை ஒட்டி. புக்கிக்குப் புக்கி மாறும், இதெல்லாம் நடுவாந்திரக் கணக்கு.

இந்த எண்களைத் திருப்பிப் போட்டால் எத்தனை முறை ஜெயிக்க வேண்டும் என்பது தெரியும். +135-க்கு நூற்றில் 43 தடவை. +230-க்கு 30 தடவை. +430-க்கு 19. +1000-க்கு 9. உங்கள் அணி அதைவிட அதிகமாக ஜெயிக்கும் என்று நம்பினால்தான் இந்தச் சீட்டுக்கு அர்த்தம் உண்டு. "இன்றைக்கு ஏதோ நடக்கப் போகிறது" என்ற உள்ளுணர்வுக்கு இங்கே விலை கிடையாது.

இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அந்தச் சலுகைப் புள்ளிகள் எவ்வளவு தடவை வேலைக்கு வரும்?

+3 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். புள்ளி உங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் அணி சரியாக 1 அல்லது 2 புள்ளியில் தோற்க வேண்டும். 3-இல் தோற்றால் கட்டிய காசு மட்டும் திரும்பும். 1, 2 வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் மிகக் குறைவு. மற்ற எல்லா நேரத்திலும் ஒன்று உங்கள் அணி ஜெயித்திருக்கும், இல்லை நாலு புள்ளியிலோ அதற்கு மேலோ தோற்றிருக்கும். இரண்டிலுமே அந்த 3 புள்ளியால் பயனில்லை. பயன்படாத பொருளுக்கு விலை கொடுப்பதைவிட +135 வாங்குவது மேல். +2.5 என்றால் இன்னும் தெளிவு, மணிலைனைத் தவிர வேறெதையும் நான் பார்க்க மாட்டேன்.

+14 கதை வேறு. ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எந்த வித்தியாசத்தில் தோற்றாலும் புள்ளி கைகொடுக்கும். கல்லூரி ஆட்டங்களின் முடிவு, புக்கி போட்ட கோட்டிலிருந்து சராசரியாக ஒரு டஜன் புள்ளியாவது அப்படி இப்படி விலகும். அந்தக் கணக்கில் பார்த்தால் மூன்றில் ஒரு ஆட்டம்போல இந்த ஒன்று முதல் பதின்மூன்று இடைவெளியில் வந்து விழும். மணிலைன் வாங்கியவர் அந்த மூன்றில் ஒன்றையும் தூக்கிக் கொடுக்கிறார். பதிலுக்குக் கிடைக்கும் விலை அதற்கு ஈடா என்றால், பெரும்பாலும் இல்லை.

ஏன் இல்லை என்பது புக்கியின் கமிஷன் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் புரியும். ஒரு பெரிய வித்தியாச ஆட்டத்தில் ஃபேவரிட் (ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்ட அணி) -5000, அண்டர்டாக் +1600 என்று விலை போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். முதல் விலை சொல்வது 98 சதவீத வாய்ப்பு, இரண்டாவது சொல்வது 5.9 சதவீதம். கூட்டினால் கிட்டத்தட்ட 104. அந்தக் கூடுதல் நான்கு யார் தலையில் விழுகிறது? ஃபேவரிட்டின் உண்மை வாய்ப்பு 96 என்றால் அந்தப் பக்கம் கட்டுபவர் 96 பெறுமானத்துக்கு 98 கொடுக்கிறார், நஷ்டம் சொற்பம். அண்டர்டாக்கின் உண்மை வாய்ப்பு 4. அந்தப் பக்கம் கட்டுபவர் 4 பெறுமானத்துக்கு 5.9 கொடுக்கிறார். 100 டாலருக்கு 32 டாலர் அம்போ. ஸ்ப்ரெட்டில் நாலரை, இங்கே முப்பத்திரண்டு! ஃபேவரிட் பக்கம் நூறுக்கு மேல் விலை ஏற்ற இடமே இல்லை, அதனால் சுமை மொத்தமும் அண்டர்டாக் பக்கம் சாய்கிறது. குதிரைப் பந்தயத்திலும் இதே கதைதான், கடைசிக் குதிரைமீது ஆசைப்படுபவர்களிடம்தான் அதிகம் கறக்கிறார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஹோவர்டு கதை வரும். 2017 செப்டம்பர் 2, லாஸ் வேகஸ். ஹோவர்டு பல்கலைக்கழகம் 45 புள்ளி அண்டர்டாக்காக யூ.என்.எல்.வி.யைச் சந்தித்து 43-40 என்று ஜெயித்தது. புள்ளிக் கணக்கில் பார்த்தால் கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய அதிர்ச்சி அதுதான். குவார்ட்டர்பேக் கேலின் நியூட்டன், என்.எஃப்.எல். நட்சத்திரம் கேம் நியூட்டனின் தம்பி, கல்லூரியில் அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். மணிலைனில் 100 டாலர் போட்டிருந்தால் ஐந்து இலக்கத்தில் காசு. அதற்குப் பத்து வருடம் முன்பு, 2007 அக்டோபரில், 40 புள்ளியை ஒட்டிய அண்டர்டாக்காக ஸ்டான்ஃபோர்டு போய் யூ.எஸ்.சி.யை 24-23 என்று வீழ்த்தியது. இரண்டும் நடந்தவைதான். ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவே ஒவ்வொரு செப்டம்பரிலும் எத்தனை 40 புள்ளி அண்டர்டாக்குகள் 56-7, 63-10 என்று சத்தமில்லாமல் தோற்றுப் போயின என்பதை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை. ஸ்டான்ஃபோர்டு ஜெயித்த விதத்தையும் பாருங்கள். யூ.எஸ்.சி.யின் குவார்ட்டர்பேக் விரல் முறிந்த கையோடு ஆடி நான்கு முறை பந்தை எதிரணி கையில் எறிந்தார். இது எந்தக் கணிப்பிலும் சிக்காத விஷயம்.

தோல்வித் தொடர் என்று ஒன்று இருப்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 19 சதவீத வாய்ப்புள்ள சீட்டை வாரா வாரம் வாங்கினால், தொடர்ந்து பத்து முறை தோற்பதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. ஸ்ப்ரெட்டில் அது ஆயிரத்தில் ஒன்று. பத்து சனிக்கிழமை தொடர்ந்து தோற்ற பிறகும் அதே தொகையை அதே நிதானத்தோடு கட்டும் மனிதரை நான் பார்த்ததில்லை. பெரும்பாலோர் ஏழாவது வாரத்தில் தொகையை இரட்டிப்பாக்குவார்கள், ஒன்பதாவது வாரத்தில் வெறுத்துப் போய் நிறுத்துவார்கள்.

அணி எப்படிப்பட்டது?

புள்ளி அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதும் அரைகுறைதான். ஒரே +10 இரண்டு அணிக்கு இரண்டு விதம்.

ஆர்மி, நேவி, ஏர் ஃபோர்ஸ் மூன்றும் ராணுவக் கல்லூரி அணிகள். உடல் எடைக் கட்டுப்பாடு உண்டு, 150 கிலோ ஆட்களைத் தடுப்பு வரிசையில் நிறுத்த முடியாது. அதனால் பல காலமாக ஓட்டத்தை வைத்தே ஆடிப் பழகியவர்கள். ஆட்டத்தில் மொத்த வாய்ப்புகள் குறைகின்றன, ஸ்கோர் குறைகிறது, வித்தியாசமும் குறைகிறது. மொத்த ஸ்கோர் 41 என்று எதிர்பார்க்கும் ஆட்டத்தில் கிடைக்கும் 10 புள்ளிக்கும், 68 என்று எதிர்பார்க்கும் ஆட்டத்தில் கிடைக்கும் 10 புள்ளிக்கும் மதிப்பு ஒன்றல்ல. முதலாவதில் ஒவ்வொரு புள்ளியும் கெட்டி. அங்கே ஸ்ப்ரெட் வாங்குவதுதான் லாபம்.

இரண்டாவது ரக அணி எல்லாவற்றையும் வானத்தில் எறிந்து ஆடும். நான்காவதும் கடைசியுமான முயற்சியில் பந்தை உதைத்து எதிரணிக்கு விட்டுவிடாமல் துணிந்து போகும், நீண்ட பாஸ், ஏமாற்று ஆட்டம். ஒரு நாள் 50 புள்ளி போடும், மறு வாரம் 40 புள்ளியில் தோற்கும். இந்த ஏற்ற இறக்கம் ஸ்ப்ரெட் வைத்திருப்பவருக்கு எதிரி, மணிலைன்காரருக்கு நண்பன். தோற்றால் பலமாகத் தோற்கும், அப்போது புள்ளி உதவாது. பிடித்தால் நேராகவே ஜெயித்துவிடும்.

2021 நவம்பரில் கேன்சஸ், டெக்சஸை அதன் மைதானத்தில் எதிர்கொண்டது. கேன்சஸுக்கு 31 புள்ளி சலுகை. வெளியூரில் தங்கள் கான்ஃபரன்ஸ் (அணிகளின் குழு) ஆட்டங்களில் தொடர்ந்து 56 முறை தோற்றிருந்த அணி அது. இடைவேளையில் 35-14 என்று முன்னணி. டெக்சஸ் துரத்திப் பிடித்து 49-49, ஓவர்டைம். டெக்சஸ் ஒரு டச்டவுன் போட்டு 56. கேன்சஸும் டச்டவுன் போட்டு 55. ஒரு புள்ளி உதையை உதைத்திருந்தால் சமம், இன்னொரு ஓவர்டைம். பயிற்சியாளர் லான்ஸ் லைபோல்ட் இரண்டு புள்ளி முயற்சிக்குப் போனார். உதவித்தொகைகூட இல்லாமல் அணியில் சேர்ந்திருந்த ஜாரெட் கேசி பந்தைப் பிடித்தார், 57-56. ஸ்ப்ரெட்காரரின் பணம் இடைவேளையிலேயே ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. மணிலைன்காரரின் பணம் அந்த ஒரு பாஸில் தொங்கிக்கொண்டிருந்தது. சின்ன அணியின் பயிற்சியாளர் கடைசி நொடியில் சமனுக்கு ஆடுவாரா, வெற்றிக்கு ஆடுவாரா என்பது மணிலைன் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் என்று நான் சொல்வது இதனால்தான்.

நேரத்தைக் கொல்லும் அணிக்குப் புள்ளிதான் என்ற இந்த விதி இரும்புச் சட்டம் இல்லை. 2024 அக்டோபர் 5 அன்று வாண்டர்பில்ட், முதலிடத்தில் இருந்த அலபாமாவை 40-35 என்று வீழ்த்தியபோது 42 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. ஆர்மி பாணிதான், ஆனால் நேரான வெற்றி. ரசிகர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி நாஷ்வில் தெருக்களில் தூக்கிக்கொண்டு போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். 22, 23 புள்ளி சலுகை இருந்தும் அன்று அது தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட நாளில் ஸ்ப்ரெட் வைத்திருந்தவர் "அய்யோ, மணிலைன் வாங்காமல் போனேனே" என்று புலம்பியிருப்பார். புலம்பட்டும், அவர் வாங்கிய சீட்டு தப்பில்லை.

புள்ளி எப்போதும் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். டி.சி.யூ. 2022 சீசனில் நல்ல உதாரணம். டிசம்பர் கடைசியில் அரையிறுதியில் அண்டர்டாக்காகப் போய் மிஷிகனை 51-45 என்று ஜெயித்தது. மணிலைன், ஸ்ப்ரெட் இரண்டுக்கும் காசு. ஒன்பது நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் ஜார்ஜியாவிடம் 65-7. அன்றைக்கு 13 புள்ளி சலுகை என்ன, 50 கொடுத்திருந்தாலும் பத்தாது.

மற்ற சீட்டுகள்

அரைப் புள்ளி வாங்குவது பலருக்குப் பிடித்த பழக்கம். +8.5 இருப்பதை +9 ஆக்க -110 விலை -120 ஆகும். தேவையான வெற்றி விகிதம் 52.4-இலிருந்து 54.5-க்கு ஏறும். கல்லூரி ஆட்டத்தில் சாதாரண அரைப் புள்ளியின் பெறுமானம் ஒரு சதவீதம் சொச்சம்தான், கொடுப்பதோ இரண்டு. 3, 7 என்ற இரண்டு எண்களைத் தொடும்போது மட்டும் யோசிக்கலாம், காரணம் ஃபீல்டு கோலும் டச்டவுனும். அதற்குத் தனி விலை வைத்துவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம். காசு கொடுத்து வாங்குவதற்குப் பதில் இரண்டு மூன்று புக்கிகளைப் பார்த்தால் அதே அரைப் புள்ளி சும்மாவே கிடைக்கும்.

டீசர் என்று ஒன்று உண்டு. இரண்டு ஆட்டத்திலும் ஆளுக்கு 6 புள்ளி கூட்டித் தருவார்கள், இரண்டும் ஜெயித்தால்தான் காசு. என்.எஃப்.எல்.லில் சில எண்களில் இது எடுபடும். கல்லூரியில் முடிவுகள் பரந்து விழுவதால் அந்த 6 புள்ளி வாய்ப்பை 50-இலிருந்து 65 சதவீதம் அளவுக்குத்தான் தூக்கும். -120 விலையில் ஒவ்வொரு கட்டமும் 74 ஜெயிக்க வேண்டும். நான் தொட மாட்டேன். நான்கைந்து அண்டர்டாக் மணிலைன்களைக் கோத்துப் போடும் பார்லே பற்றிப் பேசவே வேண்டாம். ஒவ்வொன்றிலும் உள்ள கமிஷன் ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு போகும்.

முதல் பாதிக்கு மட்டும் கட்டுவது கொஞ்சம் யோசிக்கத்தக்கது. சின்ன அணியிடம் முதல் 22 பேர் ஓரளவு தேறுவார்கள், மாற்று ஆட்கள்தான் பலவீனம். இடைவேளை வரை மல்லுக்கட்டிவிட்டு மூன்றாம் கால் பகுதியில் மூச்சு வாங்கிச் சரிவார்கள். செப்டம்பர் வெயிலில் இது அடிக்கடி நடக்கும். அந்த ரக அணிக்கு முதல் பாதிச் சலுகை நல்லது. ஆனால் முன்னே சொன்ன பின்வாசல் டச்டவுன் முழு ஆட்டச் சீட்டுக்குத்தான் கிடைக்கும், முதல் பாதிக்காரருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 20 புள்ளிக்கு உட்பட்ட ஆட்டத்தில் முதல் பாதி, அதற்கு மேல் முழு ஆட்டம் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம்.

ஆட்டம் நடக்கும்போதே கட்டும் லைவ் பந்தயத்தில் ஒரு நல்ல தருணம் உண்டு. பெரிய அணி முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒரு டச்டவுன் போட்டதும் +10 இருந்தது +15 ஆகும். உங்கள் கணிப்பு முதல் டச்டவுனால் மாறியிருக்காவிட்டால் இது மலிவு விலை. ஆனால் கமிஷன் கூடுதல், தொலைக்காட்சி ஒளிபரப்பு பல விநாடி பின்தங்கியிருக்கும், சின்ன அணியின் குவார்ட்டர்பேக் நொண்டிக்கொண்டிருப்பதை புக்கிகள் உங்களுக்கு முன்பே பார்த்திருப்பார்கள்.

சீசன் தொடங்கும் முன்பே சின்ன அணி சாம்பியன் ஆகும் என்று கட்டுவது கல்லூரியில் மற்ற விளையாட்டுகளைவிட மோசம். 2024-இல் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் 12 அணிகளாக விரிந்ததும் கதவு திறந்துவிட்டது என்று பலர் நினைத்தார்கள். அந்த முதல் சுற்றில் நான்கு ஆட்டமும் சொந்த மைதான அணிகளுக்கே, நான்கும் பத்து புள்ளிக்குக் குறையாத வித்தியாசத்தில். உள்ளே வருவது எளிதாயிற்று, ஆனால் கோப்பைக்கு ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களின் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

கட்டாமல் விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான். மேல் பிரிவுக்கும் கீழ்ப் பிரிவுக்கும் இடையிலான ஆட்டங்களில் விலை தாமதமாக வரும், அதிகத் தொகை கட்ட விட மாட்டார்கள். 2007-இல் அப்பலாச்சியன் ஸ்டேட், மிஷிகனை 34-32 என்று அவர்கள் ஊரிலேயே வீழ்த்திய புகழ்பெற்ற ஆட்டத்துக்கு லாஸ் வேகஸில் பல இடங்கள் விலையே போடவில்லை. பெரும்பாலோருக்கு அந்த அதிர்ச்சியைக் காசாக்க வழியே இருக்கவில்லை.

வழக்கமான சீசன் முடிந்த பிறகு நடக்கும் டிசம்பர் மாத பவுல் ஆட்டங்களிலும் நான் பின்வாங்குவேன். என்.எஃப்.எல்.லுக்குப் போகும் வீரர்கள் காயத்துக்குப் பயந்து ஆட மாட்டேன் என்பார்கள், அணி மாறப் போகிறவர்கள் மூட்டை கட்டியிருப்பார்கள். 2023 டிசம்பர் 30 அன்று ஆரஞ்சு பவுலில் ஃபுளோரிடா ஸ்டேட் சீசன் முழுக்க ஆடிய அணியாக வரவில்லை, ஏகப்பட்ட பேர் விலகியிருந்தார்கள். ஜார்ஜியா 63-3. சலுகை அவ்வளவு பெரிதாக இருக்கிறதே, அள்ளிவிடலாம் என்று இறங்கியவர்களுக்கு, அது ஏன் பெரிதாகியது என்பது இரண்டு மணி நேரத்தில் புரிந்திருக்கும். யார் ஆடுகிறார்கள் என்ற பட்டியல் கையில் இல்லாமல் அந்த மாதத்தில் அண்டர்டாக் பக்கம் போகக் கூடாது.

ஆக என் கை எப்படிப் போகும்? +3 வரை மணிலைன். +3.5-லிருந்து +10 வரை அணியைப் பொறுத்தது: மெதுவாக ஆடும் அணி என்றால் புள்ளி, துணிந்து ஆடும் அணி என்றால் முக்கால் பங்கு புள்ளியிலும் கால் பங்கு மணிலைனிலும். +10-க்கு மேல் புள்ளி மட்டும். +28-க்கு மேல் பெரிய அணியின் பயிற்சியாளர் இரக்கக்காரர் என்றால் புள்ளி, இல்லையென்றால் தொலைக்காட்சியில் பார்ப்பதோடு சரி. ஹோவர்டு மாதிரி நாளுக்காக ஆசைப்பட்டே தீருவேன் என்றால் ஒரு காபி விலைக்கு மேல் வேண்டாம், அதையும் பந்தயக் கணக்கில் சேர்க்காமல் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.